வயிறில்லாத மீன்

மத்தியாஸ்: ...அதான் சொல்லுதேனே, எழுதிக்கிடுங்க சார். எங்க குளத்துல ரோகும் கட்லாவும் செத்து மெதக்குது. குளத்துக்கரையில நாலு பேரு. நான் மத்தியாஸ், எம் பொஞ்சாதி சிசிலியா, மீன் ஆபீஸ் கிருஷ்ணமூர்த்தி நீங்க, அந்தா தலையக் குனிஞ்சு நிக்காரே, பக்கத்துக் காட்டுக்காரரு, பெங்காலி அண்ணாச்சி, மண்டல் தாதா. விஷம் வச்சது அவருதான்.

கிருஷ்ணமூர்த்தி: கண்ணால பார்த்தீங்களா?

மத்தியாஸ்: சௌல்தாரி ஊரு முழுக்க அதான பேச்சு.

சிசிலியா: பேச்சக் கெளப்புனது யாரு? பாவம் மனுசன், ஒண்ணும் செய்யலன்னு இந்தியில, பெங்காலியில, சைகையில, மூணுலயும் சொல்லிட்டாரு.

மத்தியாஸ்: சும்மா கெட.

கிருஷ்ணமூர்த்தி: அப்படி எழுதினா சாயங்காலமே போலீஸ் அவரைக் கூட்டிட்டுப் போகும்.

மத்தியாஸ்: ...எழுதுங்க.

கிருஷ்ணமூர்த்தி: முதல்ல மீனை அறுப்போம். கத்தியக் குடுங்கம்மா. இது ரோகு...

சிசிலியா: ஆத்தாடி, குடலு கயிறு மாதிரி வந்துக்கிட்டே இருக்கு! இரைப்பை எங்க?

கிருஷ்ணமூர்த்தி: கிடையாது. கட்லாவுக்கும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும், குடல்லயே செரிக்கும். சேர்த்து வைக்க இடமில்லை.

மத்தியாஸ்: வயிறில்லாத மீனா! முப்பது வருசம் கடல்ல போனவன் நான். நெய்மீன் வயித்துல முழுச் சாளை கெடக்கும்.

கிருஷ்ணமூர்த்தி: அது வேட்டையாடுற மீன். விராலும் அப்படித்தான், பை உண்டு, குடல் குட்டை. ஆமா, குளத்துல விரால் செத்துச்சா?

சிசிலியா: ஒண்ணுகூட சாவல. அந்தா துள்ளுது.

கிருஷ்ணமூர்த்தி: விஷம்னா அதுவும் போயிருக்கும். விரால் மேல வந்து காத்தை இழுத்துக்கும். மத்தது மூச்சு முட்டிச் செத்திருக்கு. அடியில என்னமோ அழுகி, தண்ணியில இருந்த காத்தை உறிஞ்சிருக்கு... புளிச்ச வாடை. தின்னாம மிஞ்சின புண்ணாக்கு.

சிசிலியா: ஏங்க, அந்தோணியார் திருநாளுக்கு போர்ட் பிளேர் கெளம்புற அன்னைக்கு, குளத்துக்குப் போனீகளே?

மத்தியாஸ்: ஒரு கைப்பிடி போட...

சிசிலியா: புண்ணாக்குச் சாக்கு காலியா கொடியில காயுது.

மத்தியாஸ்: பின்ன? நாலு நாள் தீனி போடுன்னு மண்டல்கிட்டப் போயி நிக்கச் சொல்லுதியா? எங்க குடும்பத்துல எவனும் உதவின்னு ஒருத்தன் வாசல்ல நின்னதில்ல!

கிருஷ்ணமூர்த்தி: ...காரணம் தெரியலைன்னு எழுதிடட்டுமா, பெரியவரே? உங்க பேரு வராது.

மத்தியாஸ்: வேண்டாம். எங்க வீட்டுக் குத்தம் இன்னொருத்தன் தலையில கெடக்கக் கூடாது. விஷம் இல்ல, மண்டலும் இல்ல. நாலு நாள் தீனிய ஒரே நேரத்துல கொட்டுனது மத்தியாஸ். தாதாவுக்குப் புரியுற மாதிரி இந்தியிலயும் வாசிங்க.