சாண வாயுவால் சாயம் காய்ச்சிய சிங்கராயருக்கு

வண்ணத்தின் வேந்தே! வாயுவின் வித்தகரே! ஆரணிப் பட்டு நூலை முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் முக்கியெடுத்த மூத்தவரே! எங்கள் சாய மேஸ்திரி சிங்கராயரே! இன்று ஓய்வுபெறும் உமக்குப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்க ஊழியர் சார்பில் ஸ்டோர் கீப்பர் துரைக்கண்ணு வாசித்தளிக்கும் மடல் இது. நான் நன்றாக எழுதுவேன் என்று என்னிடம் ஒப்படைத்தார்கள். என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குத் தெரியாது.

எழுபத்து நான்கில் பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டி, இரும்பு மூடி கவிழ்த்து, மாட்டுச் சாணத்தில் எரிவாயு எடுத்து அடுப்பெரிப்பேன் என்றீர். கைகொட்டிச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான். சங்கத்துக்குக் கோட்டாவில் மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது. நூல் வேகவும் சாயம் கொதிக்கவும் என் பீப்பாய்களே போதும் என்று இயக்குநர்கள் சொல்லிவிட, உம் குழியில் ஐந்தாண்டு மழைத்தண்ணீர்தான் நின்றது. கொசு கடித்தபோதெல்லாம் உம் பெயரைச் சொல்லித் திட்டினோம்.

எழுபத்தொன்பதில் எண்ணெய் விலை எகிறியது! பத்துப் பீப்பாய் கேட்டால் மூன்று வந்தது. ஊரே வாடியபோது, உண்மையைச் சொல்கிறேன், நான் உள்ளூர மகிழ்ந்தேன். ஸ்டோர் சாவி என் இடுப்பில் அல்லவா! மேனேஜரே வாசலில் வந்து நின்று, துரைக்கண்ணு, கொஞ்சம் பார்த்துக் கொடு என்றார். இனி நம் காலம்தான் என்றிருந்தேன். அடுத்த மாதமே இயக்குநர்கள் உம் குழியைத் தேடிப் போனார்கள். எண்ணெய் மலிவாக இருந்தவரை எவரும் மதியாத வாயுவை, ஏறிய விலையல்லவா ஏற்றிவைத்தது! நீல நெருப்பு நின்றெரிந்தது. புகையில்லை, கரியில்லை, பட்டில் பொட்டு மாசில்லை. களம்பூர் அரிசி ஆலைக்காரர்கள் பஸ் ஏறி வந்து பார்த்தார்கள். என் காலிப் பீப்பாய்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே உம்மைப் புகழ்ந்தார்கள். என் பெயரைக் கேட்க ஓர் ஆளில்லை. எப்படிப் பொறுப்பேன் ஐயா!

பொறுக்கவில்லை. எண்பதாம் ஆண்டுக் கோடையில் கிணறு வற்றியது. சாணம் கரைக்கும் செல்லியம்மாளிடம், பட்டு வேகவைத்த சோப்பு சோடாத் தண்ணீர் வீணாகத்தானே போகிறது, அதை ஊற்றிக் கரை என்றேன். தண்ணீர் மிச்சம் என்று வெளியே சொன்னேன். உம் வாயு நின்று தொலையட்டும் என்று உள்ளே நினைத்தேன். சோடா பட்ட சாணம் செத்தது, வாயு ஊறவில்லை; இருபத்திரண்டு நாள் அடுப்பில் நீலம் இல்லை. இயக்குநர்கள் கேட்டபோது, என் கவனக்குறைவு என்று நீர் தலைகுனிந்தீர். வரவேண்டிய ஃபோர்மன் பதவி வராமலே போயிற்று. குழியை மொத்தமும் இறைத்து, புதுச் சாணம் இட்டு, மறுபடி பற்றவைத்தீர். அன்றும் ஊர் உம்மைத்தான் மெச்சியது!

உமக்கு ஒன்றும் தெரியாது என்று மூன்றாண்டு நிம்மதியாக இருந்தேன். போன வாரம் இந்த மடலுக்காக விவரம் கேட்கப்போனால் செல்லியம்மாள் சொல்கிறாள்: "அவருக்கு அன்னிக்கே தெரியும்ங்க. உங்க பேரை எடுக்கவே கூடாதுன்னு சொல்லிகினே இருந்தாரு."

பொறுமையின் பெருமலையே! உம் வாயுமேல் பொறாமைப்பட்டேன், உம் புகழ்மேல் பொறாமைப்பட்டேன். இப்போது உம் மௌனத்தின்மேலும் பொறாமைப்படுகிறேன். நான் மட்டுமே காத்ததாக நினைத்த அந்த ரகசியத்தையாவது எனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா?

உடல்நலமும் உற்றார் துணையும் குறையாமல் நூறாண்டு வாழ்வீராக! இதற்குக் கண்ணாடி போட்டு, வருகிறவர் போகிறவர் படிக்கும்படி உம் வீட்டு முன்கூடத்தில் மாட்டும். பதவி போனது யாரால் என்று உம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

இங்ஙனம்,
துரைக்கண்ணு, ஸ்டோர் கீப்பர்
ஆரணி, 30.6.1983

(மற்ற ஊழியர்களுக்கு இதை முன்கூட்டிக் காட்டவில்லை. கேட்ட பிறகும் என் பெயருக்குக் கீழே கையெழுத்திட மனமுள்ளவர்கள் இடலாம், இடம் விட்டிருக்கிறேன்.)