குழல்வாய்மொழி பேரில் ஒரு வீடு

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. இருந்தாலும் குடித்துவிட்டேன். கொடுத்ததைத் திருப்பி அனுப்பி எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

என் மகள் குழல்வாய்மொழி நகைகளை விற்றுத் தென்காசியில் ஒரு வீடு வாங்கப் பார்த்தாள். ஆசையில் தவறில்லை. மருமகன் குற்றாலிங்கம் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்து நொடித்து, மஞ்சள் கடுதாசி கொடுத்தவன். அவன் பெயரில் வாங்கினால் கடன்காரர்கள் ஜப்திக்கு வந்துவிடுவார்கள். அதனால் மகள் பெயரில் என்று முடிவாயிற்று.

பத்திரம் எழுதும் அய்யாக்குட்டி, 'குற்றாலிங்கம் மனைவி குழல்வாய்மொழி' என்று எழுதியிருந்தார். 'சிவனணைந்தபெருமாள் குமாரத்தி' என்று என் பெயரைப் போடச் சொன்னேன்.

"அதெப்படி அண்ணாச்சி? மாப்பிள்ளை குத்துக்கல்லாட்டம் நிக்காரு. கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு அப்பன் பேரு போட்டா ஊரு சிரிக்கும்லா."

மருமகன் பக்கத்தில்தான் நின்றான். "விடுங்க மாமா. எம் பேருக்குப் பக்கத்துல ஒரு வீடாவது இருந்துட்டுப் போவுது."

மகளும் சிரித்தாள்.

எங்கள் குடும்பத்துப் பத்திரம் எதிலும் நொடித்தவன் பெயர் ஏறியதில்லை. வழக்கத்தை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. புருஷன் இருக்கும்வரை புருஷன் பெயர் என்பது ஊர் வழக்கம். இருக்கும்வரை என்பதைத்தான் யோசித்தேன்.

பதிவுக்கு முன்னால் மலைமேல் அருவிக்கரையில் இருக்கும் செண்பகாதேவி அம்மனைக் கும்பிட்டு வருவோம் என்று மருமகனைக் கூப்பிட்டேன். சாரல் காலம், பாறையெல்லாம் பாசி. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. என் பையை அவனே வாங்கிக்கொண்டான்.

"மெதுவா வாங்க மாமா. அம்மன் எங்கன போயிரப் போறா."

நல்ல பையன்தான். அதை நான் மறுக்கவில்லை.

வழுக்கி விழுந்தான் என்று ஊரில் சொன்னேன். வழுக்கவில்லை. அருவி விழும் தடாகத்துக்கு மேலே, தண்ணீர் கொண்டுபோய்விடாமல் என் செருப்பை எடுத்து ஓரமாக வைக்கக் குனிந்தான். இரண்டு கையாலும் தள்ளினேன். ஒரு தரம் "மாமா" என்றான். கை கொடுப்பேன் என்று நினைத்திருப்பான்.

காரியங்கள் முடிந்ததும் அய்யாக்குட்டியிடம் போய், என் பெயரைப் போட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன். மகளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் நிமிர்ந்து வெகுநேரம் என்னையே பார்த்தாள்.

"காலஞ்சென்ற குற்றாலிங்கம் மனைவின்னு எழுதுங்க. அப்பா பேரு வேண்டாம்" என்றாள். அங்கிருந்து நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

துக்கத்தில் இருக்கிறாள், ஐயா. அந்த வீட்டில் பால் காய்ச்சும்போது எனக்கு ஆள் அனுப்புவாள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்னை விட்டால் போதும்.