பௌலிங்கில் மட்டும் குறை சொல்ல முடியாது

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், தேவயானி. எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். பிடிக்காவிட்டால் வைத்துவிடு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கெடுத்துக்கொண்டு, சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாய். கையில் மூன்று கடிதம். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறாய். ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகட்டும். தையல் மெஷினையும் நிறுத்திவிட்டேன், குரல் தெளிவாக விழும்.

என் தம்பி யஸ்வந்துக்கு உன்னைப் பேசி முடித்து, தாம்பூலம் மாற்ற நாலு நாள் இருக்கும்போது உன் நைனா சம்பத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. பையனுக்கு ரேணிகுண்டாவில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று. அவர் அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டார். அதை யார் எழுதியது என்று கேட்கத்தான் வந்திருக்கிறாய். நான்தான் எழுதினேன். இதிலே மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் ஏன் என்று புரிய வேண்டுமானால் உனக்கு மாப்பிள்ளை ரூல் தெரிய வேண்டும். உனக்கு கிரிக்கெட்டே தெரியாது என்று யஸ்வந்த் சொன்னான். பரவாயில்லை, பொறுமையாகச் சொல்கிறேன்.

சங்கராந்திக்குப் புத்தூர் சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு ஊர் சேர்ந்து டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துகிறோம். ஒரு வருஷம் பனப்பேட்டுக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆறு பேரைக் கூலிக்குக் கூட்டிக்கொண்டு வந்து கப்பைத் தூக்கிவிட்டார்கள். அடிதடி ஆகிவிட்டது. இரண்டு ஸ்டம்ப் உடைந்தது, எங்கள் முனியப்பனுக்குப் பல் ஒன்று போனது. அதற்கப்புறம் பெரியவர்கள் உட்கார்ந்து ரூல் போட்டார்கள். ஊரில் பிறந்தவன் ஆடலாம். ஊர் மாப்பிள்ளை ஆடலாம். வேறு எவனும் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. சங்கராந்திக்கு மாப்பிள்ளை எப்படியும் மாமனார் வீட்டில்தானே கிடக்கிறான், சும்மா அதிரசம் துன்னுவதற்குப் பதில் நாலு ஓவர் போடட்டுமே என்று நல்ல மனசோடுதான் போட்டார்கள். ஆனால் மாமனார் ஊருக்கு ஒருமுறை ஆடிவிட்டால் பிறந்த ஊருக்குத் திரும்ப முடியாது என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த ஒரு வரி எத்தனை கல்யாணத்தைப் பண்ணி வைத்தது, எத்தனையைக் கலைத்தது என்று அவர்களுக்கே தெரியாது.

டோர்னமென்ட் முடிந்த மறுநாளே எங்கள் ஊரில் ஆரம்பித்துவிடும். எந்த ஊரில் எந்த பேட்ஸ்மேனுக்கு வயசு வந்துவிட்டது, எவன் ஜாதகத்தை வெளியே எடுத்திருக்கிறார்கள், யாரை நாம் இழுக்கலாம், யாரை விட்டுவிடலாம். ஊர் பேரிலேயே ஈச்சங்கண்டிகை லெவன் என்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வதந்தி பரப்பக் கூடாது என்று குரூப் பெயருக்குக் கீழேயே எழுதியிருக்கும். வதந்தியைத் தவிர வேறெதுவும் வராது.

அதில் முனியப்பன்தான் பெரிய மூளை. மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு லாரி ஓட்டுகிறவன். லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பத்து நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவான். போன வருஷம் ஒன்று போட்டான். "நம்ம பேட்ஸ்மேன் சீனுவ வுட்டுடலாம்பா. ஸ்பின்னக் கண்டா அவனுக்குக் கை கால் ஆடுது. கார்வேட்டிநகரத்துல ஒரு லெக் ஸ்பின்னர் கீறான், அவனுக்குத் தங்கச்சி கீது. அந்தப் பொண்ண சீனுவுக்கு எடுத்துக்கினு, சீனு தங்கச்சி சுஷ்மிதாவ ஸ்பின்னருக்குக் குடுத்துட்டா, ஆளுக்கு ஆள் சரியாப் பூடும்." பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம் பக்கத்தில் புதிதா என்ன? எல்லாரும் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். சந்திரசேகர் வாத்தியார் மட்டும், சீனுவின் ஃபீல்டிங்கை மறந்துவிடக் கூடாது என்று ஆட்சேபித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, திருப்பதியில் டிகிரி படிக்கிற சுஷ்மிதாவே எழுதினாள்: "பெரியப்பா, நானும் இந்த குரூப்லதான் கீறேன்."

அதற்கு முனியப்பன், "உன்னப் பத்தி யாரும் பேசலம்மா, நீ படி. ஸ்பின்னரப் பத்திதான் பேசிக்கினு கீறோம்" என்று பதில் போட்டான். அவள் குரூப்பை விட்டுப் போய்விட்டாள். ஒரு நல்ல லெக் ஸ்பின்னர் அதோடு கைநழுவிப் போனான். இன்றைக்கும் முனியப்பனுக்கு அந்த வருத்தம் உண்டு.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் யஸ்வந்த் வளர்ந்தான். அம்மாவும் நைனாவும் போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயசு. நான் கல்யாணமாகி நாலே வருஷத்தில் திரும்பி வந்தவள், அந்தக் கதை உனக்கு வேண்டாம். நான் ஜாக்கெட் தைத்தேன், அவன் பந்து போட்டான். இடது கை. கடைசி ஓவர் என்றால் அவன்தான். பத்தொன்பது வருஷமாக எங்கள் டீமுக்கு ஸ்கோர் எழுதுகிறது நான்தான். அவன் போட்ட ஒவ்வொரு பந்தும் இந்த ஸ்வர்ணலதாவின் கையெழுத்தில் இருக்கிறது. அலமாரியில் ஏழு நோட்டு, சந்தேகம் இருந்தால் எடுத்துப் பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல் சம்பந்தம் வந்தது. பெண் கன்னிகா. நல்ல பெண், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் பனப்பேட்டு கேப்டன் சிரஞ்சீவியின் தங்கை. நீயே சொல்லு. யஸ்வந்த் புத்தூர் நகைக்கடையிலிருந்து வெளியே வருகிற போட்டோவை யாரோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்கள். ஊரே கதிகலங்கிப் போனது. முனியப்பன் என் வாசலில் வந்து நின்று, "எம்மா, அவன் போய்ட்டா கடைசி ஓவருக்கு யாருமா கீறாங்க, நானா போடறது?" என்று அழாத குறையாகக் கேட்டான்.  பெண் வீட்டுக்கு உட்கார்ந்து எழுதினேன். பையன் குடிகாரன் என்று.

நான் படித்தது தெலுங்கு மீடியம். அதனால் தெலுங்கில். கையெழுத்து தெரியக் கூடாதே என்று இடது கையால். சம்பந்தம் நின்றது. குரூப்பில் பட்டாசு பொம்மையாக வெடித்தார்கள். "யஸ்வந்த் நம்மகிட்டயே கீறான், அபிஷியல்" என்று முனியப்பன் போட்டான். யஸ்வந்த் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்த சங்கராந்தி ஃபைனலில் ஐந்து விக்கெட். துக்கம் அவன் பௌலிங்குக்கு ஒத்துக்கொள்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை நான் நோட்டில் ஓரமாகக் குறித்தும் வைத்தேன்.

இரண்டாவது நகரிப் பக்கம், வெங்கடலட்சுமி என்ற பெண். அந்த ஊரிலும் வலுவான டீம். தூக்கத்தில் எழுந்து நடப்பான், போன மாசம் கிணற்றோரம் வரை போய்விட்டான் என்று எழுதினேன். ஒரே பொய்யைத் திரும்பச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

நான் மாட்டிக்கொண்டது எங்கே என்று எனக்கே தெரியும். நீ ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் வேலை பார்க்கிறவள். மற்ற இரண்டு பெண்கள் வீட்டையும் தேடிப் போய், கடிதங்களை வாங்கி, வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறாய். அவர்கள் இன்னும் அதை வைத்திருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பனப்பேட்டு சிரஞ்சீவி லேமினேஷன் போட்டே வைத்திருந்தானாமே. தங்கைக்காக இல்லை, கடைசி வரிக்காக.

மூன்றிலும் அந்த வரி இருக்கிறது. குடிகாரன், தூக்கத்தில் நடப்பவன், ரேணிகுண்டாவில் குடும்பம் வைத்திருப்பவன் என்றெல்லாம் எழுதிவிட்டு, கீழே: "மற்றபடி பௌலிங்கில் மட்டும் குறை சொல்ல முடியாது. கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டுமென்றால் மூன்றுதான் கொடுப்பான்." எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன், தேவயானி. கை கேட்கவில்லை. பொய்க்கும் ஓர் அளவு இருக்கிறது இல்லையா? படிக்கிறவர்கள், இவன் ரன் ரன்னாகக் கொடுக்கிற பௌலர் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டால்? அந்தப் பாவம் எனக்கெதற்கு?

ஆகவே இதில் உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எல்லாமே டீமுக்காகச் செய்ததுதான்.

என்ன சொன்னாய்?

"எங்க ஊர்ல டீமே இல்லியேக்கா" என்கிறாய்.

இல்லைதான். தெரியும். பன்னிரண்டு ஊரில் உங்கள் ஊர் இல்லை. உன் நைனா கிரிக்கெட் பேட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறாரோ என்னவோ. ஆனால் இன்றைக்கு இல்லை என்றால் நாளைக்கும் இருக்காதா? இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தால் எவனுக்கும் டீம் ஆரம்பிக்கத்தான் தோன்றும். ஒரு ஸ்கோரர் நாலையும் யோசிக்க வேண்டும்.

தோளா? அதையும் சொல்லிவிட்டானா உன்னிடம். ஆமாம், இரண்டு சங்கராந்தியாக அவன் பந்து போடவில்லை. டைவ் அடித்து விழுந்தான். திருப்பதி டாக்டர், இனிமேல் பந்தை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார். கொடியில் சட்டை காயப்போடக்கூட அந்தக் கையைத் தூக்க முடியாது. நான்தான் போடுகிறேன். டாக்டர்கள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். குரூப்பிலும் இப்போதெல்லாம் அவன் பேரை யாரும் எடுப்பதில்லை. போகட்டும், பழைய ஆள்தானே என்று முனியப்பனே சொல்லிவிட்டான். எனக்கு அது சுருக்கென்றது.

அப்படியென்றால் மூன்றாவது கடிதம் எதற்கு என்று பார்க்கிறாய். 

உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தோமே, அன்றைக்கு நீ கேசரி கொண்டுவந்தாய். யஸ்வந்த் துன்னு முடித்துவிட்டுத் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டான். உனக்கு அது சாதாரணம். இருபது வருஷமாக அவனுக்குச் சோறு போடுகிறேன். ஒருநாள் வாயைத் திறந்து இன்னும் வேண்டும் என்று அவன் கேட்டதில்லை. நான் போடுவேன், அவன் துன்னுவான், கையைக் கழுவுவான். அந்தக் கேசரியில் முந்திரிகூடக் கிடையாது. நான் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது அவன் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு ரேணிகுண்டாவில் ஒரு குடும்பம் வைத்துவிட்டேன். டீமுக்காகத்தான். வேறு எதற்காக இருக்கும்?

ஏன் போனைத் திருப்புகிறாய்? ரெக்கார்ட் இல்லையா இது? கால் மாதிரி இருக்கிறது. யஸ்வந்த் என்று காட்டுகிறது. இருபத்தாறு நிமிஷமாகவா?

"அக்கா" என்கிறான். கோபமா என்று தெரியவில்லை. அவன் குரல் எப்போதும் இப்படித்தான் தாழ்ந்து வரும். "பஸ் ஸ்டாண்டுல உக்காந்துகினு கீறேங்க்கா. எல்லாம் கேட்டேன். அன்னிக்கு நான் கேசரி கேட்டது பசிக்கு இல்லக்கா. கேக்கலன்னா அவ மறுபடி வெளிய வந்திருக்க மாட்டா. இன்னொரு தபா பாக்கணும்னுதான் கேட்டேன்."

கேட்டாயா, தேவயானி? அடுத்த பந்தை யோசித்து ஃபீல்டை மாற்றி வைக்கிற புத்தி. கை போனாலும் அது போகவில்லை.

சரி. கடிதங்களை இப்படிக் கொடு. வேண்டாம், கிழிக்க மாட்டேன். நாளைக்குத் தையல் கடையைச் சாத்திவிட்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உன் நைனா எதிரில் நின்று நானே சொல்கிறேன். குடி பொய், நடை பொய், ரேணிகுண்டா பொய், எழுதிய பாவி இவள்தான், கடைசி வரி மட்டும் சத்தியம் என்று. காரித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன். தாம்பூலத்துக்கு வேறு நாள் பார்க்கச் சொல்லு.

நீ ஒன்று மட்டும் விசாரித்து வை. உங்கள் ஊரில் ஓடியாடுகிற பையன்கள் பதினோரு பேர் தேறுவார்களா? யஸ்வந்த் நின்று சொல்லிக்கொடுத்தாலே போதும், பந்து போட வேண்டியதில்லை. நான் மெஷினை எங்கே போட்டாலும் ஜாக்கெட் தைக்கலாம். ரூலை நன்றாகப் படித்திருக்கிறேன். ஆடுகிறவன்தான் ஊர்க்காரனாகவோ மாப்பிள்ளையாகவோ இருக்க வேண்டும். ஸ்கோர் எழுதுகிறவளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.