மூணு நாப்பதுக்கு அந்த ரோடு

கிளட்ச்ச அப்படிப் பட்டுனு விடாதீங்க சிஸ்டர். மெதுவா... இன்னும் மெதுவா... ஆங், பாத்தீங்களா, வண்டி தானா நகருது. ஊசி போடுறப்ப நடுங்காத கை, ஸ்டியரிங்கப் புடிச்சா மட்டும் ஏன் இப்படித் தந்தியடிக்குது? சரி சரி, சிரிக்காதீங்க, ரோட்டப் பாருங்க.

என்ன கேட்டீங்க? ஏன் தெனமும் அந்த ஸ்கூல் ரோட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்னா? பன்னெண்டு நாளா நீங்க கேக்காம இருந்ததே பெருசு. உங்களுக்கு முன்னாடி இந்த மூணு மணி கிளாஸுக்கு வந்த பேக்கரிக்காரர் ரெண்டாம் நாளே கேட்டுட்டாரு. கூட்டத்துல ஓட்டுனாத்தான் சார் கை பழகும்னேன். அது பொய் இல்ல. ஆனா அது காரணமும் இல்ல.

ரெண்டாவது கியர் போடுங்க. குனிஞ்சு பாக்காதீங்க, கியர் எங்கயும் ஓடிப் போயிடாது.

என் பொண்ணு அங்கதான் படிக்கிறா. ஆறாவது. எலிக்குட்டின்னு கூப்புடுவேன், இப்ப அப்படிக் கூப்பிட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா, பெரிய மனுஷியாம்.

இல்ல, எங்கூட இல்ல. அவ அம்மாகூட. நாங்க பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. கோர்ட்டுல ஆலோசனை சொல்றதுக்குன்னு ஒரு அம்மா இருந்தாங்க, கண்ணாடிக்கு மேலயே பாப்பாங்க. பொறுமையாத்தான் சொன்னாங்க. பிள்ளை யார்கிட்ட இருக்கணும்ங்கறது ஒண்ணு, இன்னொருத்தர் எப்ப வந்து பாக்கணும்ங்கறது வேற ஒண்ணு, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க, ரெண்டாவதுலதான் உங்க வாழ்க்கையே இருக்குன்னாங்க. எனக்கு மொத விஷயத்துலயே காது அடச்சுப் போச்சு. தோத்துட்டோம்னு உக்காந்திருந்தேன். ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை, காலைல பத்துலேருந்து சாயங்காலம் அஞ்சு. புதன்கிழமை அரை மணி நேரம் போன். பெரிய லீவுல பாதி. நீட்டுன எடத்துலல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி படிக்கல.

கண்ணாடியப் பாருங்க. பின்னாடி ஒரு லாரி. போகட்டும், வழி விடுங்க. நமக்கு என்ன அவசரம்?

அப்புறம் போன வருஷம் ஒரு செவ்வாக்கிழமை. கிளாஸ் ரெண்டு வரல, சும்மாத்தான இருக்கோம்னு ஸ்கூலுக்குப் போயிட்டேன். அப்பான்னு சொன்னேன், வாட்ச்மேன் அவள எங்கூட அனுப்பிட்டாரு. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன், ஆள் இல்லாத மைதானத்துல எம் மடியில உக்காத்தி ஸ்டியரிங்கக் குடுத்தேன். என்னா சிரிப்பு தெரியுமா அவளுக்கு! என் போனு எப்பவும் சைலண்ட்லதான் இருக்கும், சொல்லிக் குடுக்குறப்ப அடிச்சா ஓட்டுறவங்க பதறிடுவாங்கன்னு அப்படியே வெச்சுப் பழக்கம். நாலு மணி நேரம் சிஸ்டர். அவ அம்மா செருப்புகூடப் போடாம ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஓடியிருக்கா. நான் திரும்பி வந்தப்ப வாசல்ல போலீஸு. அவ என்னத் திட்டக்கூட இல்ல, பிள்ளையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா.

அவளக் குத்தம் சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் கோர்ட்டுக்குத்தான் போயிருப்பேன். என் நாள் இல்லாத நாள்ல ஸ்கூல் வாசல்லயோ வீட்டு வாசல்லயோ நிக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டாங்க. இந்தத் தடவ வரிக்கு வரி படிச்சேன். நிக்கக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. ஓடுற வண்டியப் பத்தி ஒரு வார்த்த இல்ல.

ஆமா. அதான். மூணு நாப்பதுக்கு விடுவாங்க. கேட்டுக்கு வலது பக்கம், தண்ணித் தொட்டி ஓரமா வேனுக்கு நிப்பா. நான் ஹாரன் அடிச்சதில்ல, கையாட்டுனதில்ல. பேக்கரிக்காரர் பறப்பாரு, அவரோட வந்தா எட்டு செகண்டுதான் கெடைக்கும். நீங்க ஓட்டுனா முழுசா இருபது. உங்கள இன்னும் மூணாவது கியருக்கு நான் ஏத்தவே இல்லையே, கவனிச்சீங்களா? அடுத்த வாரம் டெஸ்ட்ட வெச்சுக்கிட்டு. அது தப்புதான். சம்பளம் வாங்கிட்டு உங்களுக்குச் செஞ்ச தப்பு.

ஐயோ, பிரேக்! ...பரவால்ல. நாய் தப்பிச்சுடுச்சு. ஆஃப் ஆயிடுச்சா? நியூட்ரல் பண்ணுங்க. சாவியத் திருப்புங்க. என்னால கவனம் சிதறுது உங்களுக்கு, தெரியுது. இன்னும் கொஞ்சந்தான், சொல்லி முடிச்சுடுறேன். இன்னிக்கு விட்டா வேற நாள் இல்ல.

திங்கக்கிழமை மறுபடியும் கோர்ட்டு. தெனமும் ஸ்கூல் வாசல்ல என் வண்டி வருதுன்னு அவங்க வக்கீல் மனு போட்டிருக்காரு. ஜட்ஜ் அத ஏத்துக்கிட்டா சனிக்கிழமை போச்சு. மாசம் ஒரு மணி நேரம், கோர்ட்டுக்குள்ளயே ஒரு ரூம்ல, ஒரு அதிகாரி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க, நான் எம் பொண்ணுகூடப் பேசணும். அந்த ரூமப் பாத்திருக்கேன். கை ஒடஞ்ச பொம்ம ரெண்டு கெடக்கும். பதினோரு வயசுப் பொண்ணு அதுல வெளையாடுவாளா, இல்ல நாந்தான் வெளையாடுவேனா?

மூணாவது போடுங்க. போடுங்க, நான் சொல்றேன்ல. ஆங், அவ்வளவுதான் விஷயம்.

டேஷ்போர்டுக்குள்ள ஒரு பேப்பர் இருக்கு. இப்ப எடுக்காதீங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங்லயே இருக்கட்டும். உங்க வீட்டுக்குப் போற வழி அதுங்கறதால நீங்கதான் அந்த ரோட்டுல பழகணும்னு கேட்டீங்கன்னு உங்க பேர்ல டைப் அடிச்சு வெச்சிருக்கேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்னு என் வக்கீல் சொன்னாரு. நர்ஸு சொன்னா ஜட்ஜ் நம்புவாராம்.

தெரியும் சிஸ்டர். உங்க வீடு அந்தப் பக்கம் இல்லன்னு தெரியும்.

நானும் நேத்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுடலாம்னுதான் இருந்தேன். அப்புறம் மனுவோட பின்னாடி சேத்திருந்த பக்கத்தப் பொரட்டுனேன். கோடு போட்ட நோட்டுலேருந்து கிழிச்ச தாளு, ஜெராக்ஸு. எலிக்குட்டி கையெழுத்து. அவ அம்மா எழுதச் சொன்னாளா, தானா எழுதுனாளா, ஒண்ணும் தெரியல. தேதி, மணி, வண்டி. தேதி, மணி, வண்டி. இருவத்தி மூணு நாள். நான் போட்டிருந்தது எந்தக் கலர் சட்டன்னுகூட எழுதியிருக்கா. நீங்க கையெழுத்துப் போட்டா நான் அவளப் பாக்க வரவே இல்லன்னு ஆயிடும்ல?

ராவெல்லாம் அதையேதான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பயந்து எழுதுனாளா, இல்ல... நடுவுல ஒரு நாள் வண்டி சர்வீஸுக்கு விட்டிருந்தேன். அன்னிக்கும் தேதி போட்டிருக்கா. அதுக்கு நேரா ஒரே வார்த்த, வரல.

சிக்னல் பச்சை ஆயிடுச்சு. இண்டிகேட்டர நிறுத்துங்க, ஸ்கூல் ரோட்டுக்குத் திரும்ப வேணாம். நேராப் போங்க சிஸ்டர். இன்னிக்கும் அதையே எழுதட்டும்.