வளைவுல ரெண்டு மாடம்

அதுக்குப் போயி சிலுவை போடுறீங்களே தம்பி! கார நிறுத்தி இறங்குனது சரி, இந்தப் பக்கம் திரும்புங்க. செத்தவ நெனப்புக்கு வச்ச விளக்கு மாடம் இந்தத் தகரப் பெட்டி. பளபளன்னு நிக்குதே பளிங்கு, அது பொழச்சவனுக்கு. ஆமா, அடிச்சுட்டுப் பொழச்சவனுக்குத்தான். புள்ளைய ஒரு கீறல் இல்லாம காப்பாத்துன புனிதருக்கு அப்பன்காரன் நன்றி சொல்லிக் கட்டுனது. அந்தப் புனிதருக்கே கூச்சமா இருக்கும்.

அந்த எண்ணெய் பாட்டிலக் கொஞ்சம் எடுங்க. வீட்டு ஆலிவ் எண்ணெய்தான். காத்துல திரி நிக்கவே மாட்டேங்குது, சனியன்.

இவளா? கலியோப்பி. கீழ ஊர்க்காரி. சாயங்காலமா மலைச்சரிவுல கீரை பறிச்சுக்கிட்டு ரோட்டோரமா வந்துக்கிட்டிருந்தா. இவன் வந்த வேகத்துல அடிச்சுத் தூக்கிட்டான். ரோடு பூரா கீரை.

கோர்ட்டா? அந்தக் கூத்த ஏன் கேக்குறீங்க. ஒரு தடவ வக்கீலுக்குக் காய்ச்சல். அடுத்த தடவ வக்கீலுங்க எல்லாருமே ஸ்ட்ரைக். அப்புறம் எலெக்ஷனாம். கடைசில வாயத் தொறந்தாரு பாருங்க எங்க வக்கீல் மகராசன், அந்தம்மா கறுப்புத் துணி உடுத்தியிருந்தாங்க, மசங்குற நேரம், கண்ணுக்குத் தெரியலன்னு. புருஷன் செத்தவ கறுப்பு உடுத்தாம எலுமிச்சம்பழக் கலர்லயா உடுத்துவா? இந்தப் பக்கம் பாதிப் பொம்பளைங்க கறுப்புத்தான். அத்தன பேரையும் அடிச்சுப் போட்டுட்டுத் தெரியலன்னு சொல்லிடலாமா?

ம், தண்டனை குடுத்தாங்களே. ரெண்டு வருஷம் ஜெயில். ஆனா உள்ள போக வேண்டாம், இனிமே ஒழுங்கா இருந்தாப் போதுமாம். இனிமே! அவளுக்கு ஏது இனிமே? அன்னைக்கு ஆட்டுக்கறி சுட்டுத் தின்னாங்க தம்பி, கல்யாண வீடாட்டம். அதுவும் பத்தல. பேருல கறை இருக்கக் கூடாதுன்னு மேல அப்பீல் போட்டிருக்காங்க. இன்னைக்குத்தான் விசாரணை.

அய்ய, நான் அவ சொந்தமெல்லாம் இல்ல. என் கறுப்பப் பாத்து ஏமாந்துட்டீங்களா? என் வீட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு. கலியோப்பிக்கு ஒரே பொண்ணு, அதுவும் ஜெர்மனில வேலை பாக்குது. துக்கம் உடுத்த ஒருத்தி வேணாமா? அதான் நான் உடுத்திக்கிட்டேன். உயிரோட இருக்குற புள்ளைக்கு அபசகுனம் பண்றியேடின்னு அவரு கத்துறாரு. கத்தட்டும். பளிங்கு வாங்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு வேற என்ன தெரியும்?

கலமாட்டா டவுனுக்குத்தானே போறீங்க? என்னையக் கோர்ட்டு வாசல்ல இறக்கி விட்டுருங்க. அவங்க கார்ல ஏற எனக்கு மனசு வரல. சாட்சிக்கு என் பேரத்தான் குடுத்திருக்காங்க. எம்புள்ள தங்கம்னு பெத்தவ வாயால சொன்னா ஜட்ஜு இளகிடுவாராம். சொல்றேன், தங்கம்தான். அடிச்சுட்டு வந்த அன்னைக்கு அடுப்பங்கரைல என் மடியில விழுந்து, போனப் பாத்துக்கிட்டே ஓட்டிட்டேம்மா, ரோட்டயே பாக்கலம்மான்னு அழுதானே, அதையும் சேத்துச் சொல்றேன்.

திரி புடிச்சுக்கிச்சு, கெளம்பலாம். அந்தப் போன மட்டும் உள்ள வச்சுருங்க தம்பி.