வாரா வாரம் கழலும் பெல்ட்

மெக்கானிக்: மொத்தம் முந்நூறு சார்.

பெரியப்பா: வீட்டு நிம்மதி வெறும் முந்நூறா? இவ்வளவு சல்லிசுன்னா மொத்தமா ஒரு டஜன் வாங்கிப் போட்டிருப்பேனே.

மெக்கானிக்: வாஷிங் மெஷின் இனிமே சத்தம் போடாது சார். வீட்டுல மத்தவங்களுக்கு நான் பொறுப்பில்ல.

பெரியப்பா: வாய் நல்லாத்தான் ஓடுது. போன ஞாயித்துக்கிழமையும் இதே பெல்ட்டுதானே கழண்டுச்சு?

மெக்கானிக்: அதான் சார் எனக்கும்... இழுத்துப் பார்த்துட்டுத்தானே போனேன்.

பெரியப்பா: பார்த்தேன், பக்கத்துலயே நின்னேனே. முதல் நாள் ஸ்க்ரூடிரைவரை சாக்பீஸ் மாதிரி பிடிச்சே. இன்னிக்கு வாசல்ல நின்னு சத்தத்தைக் கேட்டே பெல்ட்டுன்னுட்டே. அசந்துட்டேன்.

மெக்கானிக்: சாக்பீஸ்... அப்படியா சார்?

பெரியப்பா: என் பொண்டாட்டிக்கு மெஷின் சுத்துற விதத்தை விளக்கினே பாரு, அது இன்னும் அருமை. கடைசியில, 'சந்தேகம் இருக்கறவங்க கை தூக்குங்க'ன்னே. அவளும் தூக்கினா.

மெக்கானிக்: டீ ஆறிடும் சார், குடிச்சுட்டுக் கிளம்பறேன்.

பெரியப்பா: அப்புறம் இந்த டீ. வளர்த்த பெரியப்பன் எனக்குச் சின்ன டம்ளர். உனக்கு மட்டும் என் தம்பி பொண்ணு பெரிய டம்ளர்ல கொண்டு வர்றா. எந்த ஸ்கூல்?

மெக்கானிக்: பஸ் ஸ்டாண்டு பக்கத்துல... சரித்திர வாத்தியார் சார். மன்னிச்சுடுங்க. பொண்ணு கேட்டு யார் வந்தாலும் கேட்டைத் தாண்ட விடமாட்டீங்க, ரிப்பேருக்கு வர்றவங்களைத்தான் உள்ளே விடுவீங்கன்னு அவ சொன்னா.

பெரியப்பா: உடனே மெக்கானிக் ஆயிட்டே?

மெக்கானிக்: வேஷம்தான் சார், முதல்ல. நீங்க நம்பிப் பக்கத்துல நின்னதும் வெட்கமாப் போச்சு. பழைய மெஷின் ஒண்ணை வாங்கி, ரூம்ல பிரிச்சுப் பிரிச்சுக் கத்துக்கிட்டேன். உங்ககிட்ட ஒரு நல்ல பேரு வாங்கிட்டு அவளைக் கேக்கலாம்னு... சரி சார், கிளம்பறேன். ஆனா ஒண்ணு. அந்த பெல்ட் தானாக் கழலல. யாரோ பின்பக்க மூடியைத் திறக்கறாங்க. அதை மட்டும் பார்த்துக்கோங்க.

பெரியப்பா: துரத்தப் போறவன் வீட்டு பெல்ட்டுக்குக் கவலைப்படுறே பாரு... உட்காரு.

மெக்கானிக்: யார் சார் அது?

பெரியப்பா: மெதுவாக் கேளு. வர்றவனையெல்லாம் வாசல்லயே விரட்டறவன்னு தெருவுல எனக்கு ஒரு பேரு இருக்கு. அதையும் கெடுத்துக்காம, உன்னையும் வாரா வாரம் உள்ளே விட எனக்கு வேற வழி தெரியல. முதல் தடவை அதுவா நின்னுச்சு. அப்புறம் நான் நாலு தடவை கழட்டினேன்... நீங்க நாலு தடவை மாட்டினீங்க. கணக்கு நேர். இன்னிக்கு முந்நூறு மட்டும் பாக்கியாவே நிக்கட்டும். மாப்பிள்ளைக்குக் கூலி குடுக்கற பழக்கம் இந்த வீட்டுல இல்ல.