கோடா புள்ளியா

சந்திரசேகர்: இப்ப வேனுக்குள்ள தண்ணி வருதா கண்ணு?

மலர்: வரலைங்கப்பா.

சந்திரசேகர்: டார்ச்ச தூக்கிப் புடி. கண்ணாடி ரப்பர் ஓரத்துலதான் பைப்ப காட்டிட்டு இருக்கறேன்.

மலர்: புடிச்சிட்டுதான் இருக்கறேன். காஞ்சு கெடக்குதுங்க.

சந்திரசேகர்: வைப்பருக்குக் கீழ?

மலர்: அங்கியும் இல்ல. அதான் போன வாரமே அடச்சிருந்த சில்வர் ஓக்கு மரத்து எலய எல்லாம் நோண்டி எடுத்துட்டீங்களே.

சந்திரசேகர்: ஆமா... ஒரு கூடை எலை. தண்ணி வெளிய போற ஓட்டைய அடச்சு, அத்தனையும் வேனுக்குள்ள எறங்கிட்டு இருந்துச்சு.

மலர்: அப்ப சரியாயிருச்சுங்க. பைப்ப நிறுத்துங்க. குளுருது.

சந்திரசேகர்: சரியாயிருச்சுன்னா... அதுக்கப்பறம் வேன வாங்கப் பாக்க வந்த அடிவாரத்துக்காரரு கால வெச்சதும் ஏன் சொத்துன்னு நனஞ்சாரு?

மலர்: மழ பேஞ்சிருக்கும்.

சந்திரசேகர்: அன்னிக்கு ஏது மழ. பனிதான்.

மலர்: பனியும் தண்ணிதானுங்க.

சந்திரசேகர்: கால் மிதிக்கற ரப்பர் மேட்டுக்கு அடியில குளம் கட்டி நிக்கற பனியா... நம்ம தலைச்சோலை ஊர்ல நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்ல.

மலர்: மெதுவா பேசுங்க. அம்மா முழிச்சுக்கும்.

சந்திரசேகர்: முழிச்சா என்ன. எப்படா விப்போம்னு நிக்கறவ. ஓட்டைய தேடறேன்னா டீ வெச்சுக் குடுப்பா.

மலர்: நீங்களும்தான சரின்னு சொன்னீங்க.

சந்திரசேகர்: என்னத்த?

மலர்: வேன வித்துப்புட்டு அல்லாரும் திருப்பூர் போறதுக்கு. அண்ணாதுரை மாமா கேக்கறப்ப தலைய ஆட்டுனீங்களே.

சந்திரசேகர்: ஆட்டுனேன்... நாலு பேருக்கு முன்னால மச்சான் கேக்கறான். ஆட்டாம?

மலர்: பரிட்சைக்குக் கூட இருக்க வேண்டாம்னுட்டாரு. பனியன் கம்பெனியில எனக்கு செக்கிங் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காராமா. பிளஸ் டூ பொறவு எழுதிக்கலாமாமா.

சந்திரசேகர்: அத உடு. இப்ப டேஷ்போர்டப் பாரு. பவுடர் தெரியுதா?

மலர்: எந்தப் பவுடர்?

சந்திரசேகர்: நேத்து பொழுதோட முன்னாடி பூரா தூவி வெச்சேன். கீழ, சீட்டுல, மேட்டுல. தண்ணி எங்கிருந்து வந்தாலும் தடம் காட்டிக் குடுத்துரும்.

மலர்: ஓ... என் பவுடர் டப்பா காணாம போனது இதுக்குத்தானா. இன்னிக்கு வெறும் மூஞ்சியோட பள்ளிக்கூடம் போனேன்.

சந்திரசேகர்: பவுடர் போட்டா மட்டும்... சரி சரி, மொறைக்காத. மேட்டுல என்ன இருக்குதுன்னு சொல்லு.

மலர்: ஒண்ணுமில்லைங்க.

சந்திரசேகர்: கைய எடு.

மலர்: எந்தக் கைய?

சந்திரசேகர்: மேட்டு மேல ஊனி இருக்கற கைய. எடு கண்ணு.

மலர்: எடுத்துட்டேனுங்க.

சந்திரசேகர்: கோடா இருக்குதா, புள்ளியா இருக்குதா?

மலர்: ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?

சந்திரசேகர்: கசிஞ்சா கோடு விழும். மேல இருந்து ஊர்ந்து வரும், பவுடர்ல பாம்பு போன மாதிரி. ஊத்துனா... தெறிக்கும். சுத்தியும் புள்ளி புள்ளியா.

மலர்: ...புள்ளிதானுங்க.

சந்திரசேகர்: அப்ப ஆரோ ஊத்தி இருக்கறாங்க.

மலர்: ஆரு வந்து ஊத்துவாங்க? வேன் பூட்டித்தான கெடக்குது.

சந்திரசேகர்: அதான் நானும் ரோசன பண்றேன். ராத்திரி சாவி எங்க தொங்குது?

மலர்: அடுப்பு பக்கத்து ஆணியில.

சந்திரசேகர்: ஊட்டுக்குள்ள.

மலர்: ...ஆமாங்க.

சந்திரசேகர்: எனக்கு மாதப்பன் மேலதான் சந்தேகம்.

மலர்: பக்கத்து ஊட்டு மாமா மேலயா? அவரு எதுக்குங்க?

சந்திரசேகர்: வேன் போயிருச்சுன்னா அவன் பலாப்பழத்த ஏத்தி ஏற்காட்டுக்குக் கொண்டு போக ஆளில்ல. காலையில உங்க மாமன் வரான். கூட மெக்கானிக்கும் வரான், வாங்கற ஆளும் வரான். அத்தன பேருக்கு முன்னால மாதப்பன கூப்புட்டு நிறுத்திக் கேட்டர்றேன்.

மலர்: வேண்டாங்கப்பா.

சந்திரசேகர்: ஏன்?

மலர்: பாவங்க அவரு. காய்ச்சல்ல படுத்திருக்காரு.

சந்திரசேகர்: காய்ச்சக்காரன் சொம்பு தூக்க மாட்டானா?

மலர்: சொம்பு இல்லைங்க, கொடம்...

சந்திரசேகர்: பைப்ப நிறுத்திட்டேன். சொல்லு.

மலர்: அடிக்க மாட்டீங்களே?

சந்திரசேகர்: என்னிக்கு சாமி அடிச்சேன்.

மலர்: பைப்புல புடிச்ச தண்ணிதானுங்க. அடிவாரத்துக்காரரு வரதுக்கு முந்தின ராத்திரி ஒருக்கா. அப்பறம் நேத்து ராத்திரி... மாமா மெக்கானிக்க கூட்டியாறேன்னு போன் பண்ணதும் மறுக்கா ஒரு கொடம். வேன் போனா நாமளும் போயிருவோம். மார்ச்சுல பரிட்சை... நான் மலைய உட்டு கீழ வரலைங்கப்பா.

சந்திரசேகர்: இருட்டுல ஒத்தையில கொடத்த தூக்கிட்டு வந்தியா?

மலர்: ம்.

சந்திரசேகர்: காட்டெருமை சுத்துற எடம்... சரி, அழுவாத. மாதப்பன கேக்கறேன்னது சும்மா. முன்னாடி மேட்ட எடுத்து வெளிய போடு, தொடச்சுரலாம்.

மலர்: பின்னாடி சீட்டு?

சந்திரசேகர்: அது கெடக்குது. நீ முன்னாடி தொட.

மலர்: பின்னாடியும்தான நனஞ்சிருக்குது. ரெண்டாவதா வந்தாரே, நாமக்கல்காரரு... மூக்கப் பொத்திக்கிட்டு எறங்கி ஓடுனது பின்னாடி சீட்டுல இருந்து.

சந்திரசேகர்: ஊதக்காத்து அடிக்குது. சீக்கிரம் தொட.

மலர்: பின்னாடி ஏனுங்க பவுடர் போடல?

சந்திரசேகர்: ...டப்பா தீந்துருச்சு.

மலர்: பாதி இருக்குதுங்க. இதா, கியர் பக்கத்துலயே கெடக்குது.

சந்திரசேகர்: மறந்திருப்பேன்.

மலர்: ஓட்டைய தேடற ஆளு பாதி வேன மறப்பாங்களா?

சந்திரசேகர்: வக்கீலுக்குப் படிக்கப் போறியா நீயி?

மலர்: நான் பின்னாடி ஒரு சொட்டு ஊத்தலைங்க. அந்த வாடை பைப்புத் தண்ணி வாடையும் இல்ல. காப்பிப் பழம் கழுவுன தண்ணி. நம்ம தொட்டியில மொண்டது. நீங்க என்னடான்னா, முன்னாடி எப்படி நனஞ்சுதுன்னு கொடையுறீங்க... பின்னாடிய பத்தி ஒரு வார்த்த கேக்கல. அப்பா. இப்பிடி திரும்புங்க.

சந்திரசேகர்: டார்ச்ச மூஞ்சில அடிக்காத சாமி.

மலர்: அம்மாவுக்குத் தெரியுமுங்களா?

சந்திரசேகர்: தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் இன்னிக்கு இங்க நிப்பமா?

மலர்: அப்ப... மெக்கானிக்கு வந்து பாத்தா?

சந்திரசேகர்: நல்ல தண்ணித் தொட்டின்னு நெனச்சு மொண்டுட்டேன், இருட்டுல... அத உடு. அந்த எலைக் கூடைய எங்க கொட்டுன? அத்தனையும் அள்ளிட்டு வா, திரும்ப அந்த ஓட்டையிலயே அடச்சு பைப்ப தொறந்து உட்டுரலாம், நெசமாவே கசிஞ்சு கோடு விழும். மெக்கானிக்கு கோட்டத்தான் தேடுவான்.